ஒழுகியது தையல்தான், அண்ணே

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய மைக்செட்டு அண்ணே,

நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. காலையில் பனவடலிசத்திரம் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் தொண்டை வறண்டு திரும்புகிறவளுக்குச் செத்தவருக்குக் கடிதம் எழுதப் பொழுது ஏது? ஆனால் இப்போது எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். படிக்க வேண்டியவர்கள் நம் தெருவிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா பிழைத்துக்கொண்டாள். பெருங்குடலில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், குழைந்த சோறு சாப்பிடுகிறாள், என்னை வையவும் தொடங்கிவிட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது உன் சாவைப் பற்றியது.

உனக்கு ஞாபகம் இருக்கும். வயிற்று வலியோடுதான் நீ கம்பம் ஏறிக் குழாய் கட்டுவாய். கல்யாண வீட்டில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, நீ ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருப்பாய். பிறகு தின்றது எல்லாம் வாந்தியாக வரத் தொடங்கியது. ஆள் உன் மைக் கம்பி மாதிரி ஆனபிறகுதான் அந்த நர்சிங் ஹோமுக்குப் போனோம். அதன் பெயரையும் டாக்டர் பெயரையும் இங்கே எழுதவில்லை. பெரிய கை என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர், அவ்வளவு போதும்.

இரைப்பையின் கீழ்வாய் அடைத்துக்கொண்டது, சிறுகுடலை மேலே இழுத்து இரைப்பையோடு சேர்த்துத் தைத்துவிட்டால் சோறு இறங்கிவிடும் என்றார். அந்தத் தையல் சிலருக்குப் பிரிந்து ஒழுகவும் கூடும் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தால்தானே கேட்பதற்கு?

ஆபரேஷன் முடிந்து முதல் சில நாள் நீ நன்றாகத்தான் இருந்தாய். மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "ஏட்டி வடிவு, மூக்குல ஒயரு விட்டிருக்காவ, பாத்தியா? கரண்டு குடுத்தா நான் பாட்டு படிப்பேன்" என்றாய். ராமலட்சுமி மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் பெண்டாட்டி சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பிறகு ஒரு நாள் காலையில் உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. வயிறு பலகை மாதிரி ஆனது. விக்கல் நிற்கவே இல்லை. டாக்டர் வந்தார், வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். "காத்துதான் அடைச்சிருக்கு. ஊசியை மாத்திட்டேன். சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் அதே காய்ச்சல். மறுநாளும் அதே பதில். நான் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன்.

மதினி எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? அன்றைக்கு மத்தியானம் எழுந்து பஸ் ஏறினாள். நேரே நம் ஊர் சங்கரன்கோவில், நேரே கோயில். ஒரு பொட்டலம் புற்றுமண் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். நம் ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பார்கள்? பிள்ளைக்குக் கட்டி வந்தாலும் மண், மாட்டுக்குக் கால் வீங்கினாலும் மண், வீட்டுக்குள் பாம்பு தட்டுப்பட்டாலும் மண். உன் நாக்கில் ஒரு பொட்டு வைத்தாள். மீதியைக் குழைத்து நெற்றியிலும், கட்டுக்கு மேலே நெஞ்சுக்குழியிலும் தடவினாள். நீ கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாய். அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது உன் உதட்டோரம் செம்மண் நிறமாக இருந்தது. "என்ன இது?" என்றார். மதினிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கோயில் புத்துமண்ணு டாக்டரய்யா" என்றாள். அவர் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "அறிவிருக்கா உனக்கு? நான் கஷ்டப்பட்டுத் தைச்சு வச்ச குடல்ல மண்ணைக் கொட்டிட்டியே! இனி என்னால ஒண்ணும் செய்ய முடியாது. உன் புருஷனை நீயே முடிச்சுட்டே!"

அடுத்த நாள் நீ போய்விட்டாய். ஆனால் அண்ணே, அந்தச் சொல் போகவில்லை.

அது உனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு பொட்டு மண் தெருமுனைக்குப் போவதற்குள் ஒரு செம்பு மண் ஆகிவிட்டது. உன் ஆம்ப்ளிஃபயர் கூட அவ்வளவு பெருக்காது. "கரைச்சுக் குடிக்கக் குடுத்தாளாம்லா" என்றார்கள். துட்டி கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அதையே சொன்னாள். "மண்ணக் குடுத்து என் மவன மண்ணாக்கிட்டாளே" என்று ஒப்பாரியிலேயே சேர்த்துவிட்டாள். மதினி மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான், "அம்மா, காய்ச்சல் முன்னாடியே வந்துட்டும்மா" என்று எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? "சின்னக் கழுத, உனக்கு என்ன தெரியும்? டாக்டர விட நீ பெரிய ஆளோ?" என்று என் வாயை அடைத்தார்கள்.

எனக்கு எரிச்சல் எங்கே வருகிறது என்றால், இப்படிப் பேசிய அத்தனை பேர் வீட்டிலும் அந்த மண் இருக்கிறது. காலையில் நெற்றியில் இட்டுக்கொண்டுதான் பேச வருகிறார்கள். மண் தப்பில்லையாம், கொடுத்த கைதான் தப்பாம். இது என்ன நியாயம் அண்ணே? பிள்ளை குட்டியும் இல்லாதவள், கேட்க ஆளில்லாதவள் என்றால் எதையும் தலையில் கட்டிவிடலாமா?

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா அவளை இளையரசனேந்தலுக்கு, அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு மதினி நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோயிலையும் மிதிக்கவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அந்த வட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வருகிறபோது அவள் மட்டும் வரமாட்டாள். நான் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். இப்போது அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் கையால் சாப்பிடுகின்றன. நம் அம்மா மட்டும் அவள் பெயர் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இனி மதுரைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நம்மை மாதிரிப் பேசுகிறவர். ஆபரேஷனுக்கு முன்னால் என்னையும் என் வீட்டுக்காரரையும், அதுதான் உன் மாப்பிள்ளையையும், உட்காரவைத்து, "கட்டி இருக்கிற துண்டை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேர்த்துத் தைப்பேன். எவ்வளவு நல்லாத் தைச்சாலும் சில பேருக்கு அந்தத் தையல் ஒழுகும். அஞ்சாறு நாள் கழிச்சுக் காய்ச்சல் வரும், வயிறு உப்பும், விக்கல் எடுக்கும். அப்படி வந்தா உடனே எனக்குச் சொல்லணும்" என்றார்.

காய்ச்சல், வயிறு, விக்கல். அவர் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை, உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

உன் கதையை அங்கேயே கொட்டிவிட்டேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "காய்ச்சல் எப்போ வந்துச்சு? மண் எப்போ கொடுத்தாங்க?" என்றார். சொன்னேன். "அப்ப மண்ணு கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஒழுகியிருக்கும்மா. ஒழுகினதாலதான் காய்ச்சல். காய்ச்சலைப் பார்த்துப் பயந்துதான் அந்தம்மா மண்ணைத் தேடிப் போயிருக்காங்க. நாக்குல வச்ச ஒரு பொட்டு மண்ணு தையலைப் பிரிக்காது" என்றார். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு வாயில் எதையும் வைக்காமல் இருப்பதுதான் சரி என்றும் சொன்னார், அதை நான் மறைக்கவில்லை.

"அப்ப அந்த டாக்டர் சரியாத் தைக்கலையா?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்லமாட்டேன். என் தையலும் ஒழுகியிருக்கு. காய்ச்சல் வந்த அன்னைக்கே திரும்பத் திறந்து பார்க்கலாமான்னு அவர் யோசிச்சிருக்கணும்" என்றார்.

பத்து வருஷமாக எனக்குத் தெரிந்திருந்தது பாதிதான். காய்ச்சல் முன்னால் வந்தது, மண் பின்னால் வந்தது. ஆனால் அந்தக் காய்ச்சல்தான் ஒழுகல் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பெரிய கைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டே ஒரு பட்டிக்காட்டுப் பெண் தலையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாரா? இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாரா? இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மதுரை டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இப்படி ஒழுகாமல் இருக்க உலகத்தில் பல இடங்களில் டாக்டர்கள் வழி தேடுகிறார்களாம். அதில் ஒன்று, தையல் மேல் பூசுகிற ஒரு பசை. மனுஷ ரத்தத்திலிருந்தே எடுப்பது. ரத்தத்தின் தெளிந்த நீரைப் பிரித்து, உறைய வைத்து இளக்கினால் கொழகொழவென்று ஒன்று அடியில் தங்குமாம். தையல் மேல் அதை விட்டு, கூடவே இன்னொரு மருந்தை விட்டால் உடனே கட்டிக்கொள்ளுமாம். காயத்தில் ரத்தம் பொருக்குக் கட்டுகிறதே, அதே வித்தைதான். எனக்கு உன் ஞாபகம் வந்தது. கம்பியை முறுக்கினால் மட்டும் போதாது, மேலே டேப் சுற்ற வேண்டும் என்று பையன்களை ஏசுவாயே, அதே மாதிரிதான் இது என்று எனக்கு நானே விளங்கிக்கொண்டேன்.

"நிச்சயம் ஒழுகாதுன்னு சொல்லுவீங்களா?" என்றேன். "மாட்டேன். இது இன்னும் பார்த்துப் பழகிட்டிருக்கிற விஷயம். கெடுதல் வராதுன்னு நினைக்கிறேன், நல்லது வரலாம். உங்களுக்குச் சம்மதம்னா செய்றேன்" என்றார். சம்மதம் கேட்கிற டாக்டரை அன்றைக்குத்தான் அண்ணே நான் முதன்முதலாகப் பார்த்தேன். உலகமே உட்கார்ந்து பசை தேடுகிறது என்றால் என்ன அர்த்தம்? தையல் தானாக ஒழுகும் என்றுதானே அர்த்தம்? சங்கரன்கோவில் மண் போகாத சீமையில் எல்லாம் ஒழுகியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தப் பசைக்கும் ரத்தம் வேண்டும், அம்மாவுக்கு ஏற்றவும் ரத்தம் வேண்டும். என் ரத்தம் சேரவில்லை. உன் மாப்பிள்ளை ரத்தமும் சேரவில்லை. துணைக்கு வந்திருந்த கரிவலம் சித்தி, ஊசியைப் பார்த்ததுமே தனக்குத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். நான் யாரிடமும் கேட்கவில்லை. இளையரசனேந்தலுக்கு ஆள் அனுப்பினேன்.

மதினி கட்டிய சேலையோடு, தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். சேலையில் பருப்புக் கறை கூடக் காயவில்லை. அவளுக்கும் அவள் தம்பிக்கும் ரத்தம் சேர்ந்தது. தம்பியுடையதை ஏற்றுவதற்கு வைத்துக்கொண்டார்கள், மதினியுடையதிலிருந்து பசை எடுத்தார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் உன்னைப் பற்றிச் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பஞ்சை எடுத்துப் பார்த்தாள், மறுபடி அழுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்பம் நான் கொல்லலையா வடிவு?"

அண்ணே, நான் அழுதது உன் சாவுக்குக் கூட இல்லை, அந்தக் கேள்விக்குத்தான். ஊர் சொல்லுகிறது, இவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இவளும் நம்பியிருக்கிறாள்! அதனால்தான் கோயிலுக்கு வரவில்லை. அதனால்தான் பத்து வருஷம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சத்துணவுக் கூடத்தில் உப்புப் போடும்போது கூட இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போடுவாளாம். எனக்கு அந்த நர்சிங் ஹோம் டாக்டரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து அந்தப் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும் போலிருந்தது.

ஆபரேஷன் முடிந்தது. பசையும் பூசினார்கள். சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல், வாயில் எதுவும் வைக்காமல், நானே காவல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்படியும் ஒழுகியது அண்ணே. காய்ச்சல் வந்தது. வயிற்றுப் பக்கத்தில் வைத்திருந்த ரப்பர் குழாயில் வரக்கூடாத நிறத்தில் வந்தது. பசை கைவிட்டுவிட்டதே என்று நான் சுவரில் சாய்ந்து நிற்க, வார்டு வாசலிலேயே கரிவலம் சித்தி ஆரம்பித்துவிட்டாள்.

"நான் அப்பமே நெனச்சேன். அவ ரத்தம்லா உள்ள போயிருக்கு? அன்னைக்கு மண்ணு, இன்னைக்கு ரத்தம். இவ கை பட்டா எது தங்கும்?"

மதினி நின்ற இடத்திலேயே சுருங்கிப்போனாள். ஆனால் பின்னாலேயே டாக்டர் வந்துகொண்டிருந்தார், கேட்டுவிட்டார். அவரும் கோபக்காரர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"யாரும்மா அப்படிச் சொன்னது? ஒழுகினது தையல். அந்தத் தையலை நான் போட்டேன். பசையைப் பூசினதும் நான். கேட்கணும்னா என்னைக் கேளுங்க. ரத்தம் கொடுத்தவங்களை ஏன் பேசுறீங்க?"

சித்தி, "நான் சும்மா சொன்னேன் சார்" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சும்மா சொன்னாளாம்! அன்றைக்கும் எல்லாரும் சும்மாதானே சொன்னார்கள்?

"அந்தத் தையலை நான் போட்டேன்." இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு அந்தப் பெரிய கை சொல்லியிருந்தால், மதினியின் பத்து வருஷம் மிஞ்சியிருக்கும். நீ பிழைத்திருப்பாயோ மாட்டாயோ, அது வேறு. உன் வீட்டில் அவள் இருந்திருப்பாள்.

அம்மாவின் ஒழுகல் சின்னதுதான். மறுபடி திறக்காமலே, வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல், பாட்டில் ஏற்றியே பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, ஒருநாள் குழாயில் வருவது நின்றது. "பசை இருந்ததாலதான் சின்னதாப் போச்சா டாக்டர்?" என்று கேட்டேன். "இருக்கலாம். பசை இல்லாமலும் இப்படியே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா" என்றார். தெரியாது என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

வாயில் தண்ணீர் கொடுக்கலாம் என்று சொன்ன அன்றைக்கு நான் டம்ளரும் கரண்டியுமாகப் போனேன். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளிடம் நான் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. இப்போது, "அவ எங்க?" என்றாள். "அவள வரச் சொல்லு."

மதினி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என் மவனுக்கு நீ என்னதாம்ட்டி குடுத்தே?"

பத்து வருஷத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் கூட அவளிடம் அதைக் கேட்டதில்லை அண்ணே. எல்லாரும் அவளுக்குச் சொன்னார்கள், யாரும் அவளைக் கேட்கவில்லை.

"நாக்குல ஒரு பொட்டு வச்சேன் அத்த. அவியளுக்கு அப்பமே முழுங்க முடியல. விக்கல் நிக்கட்டும்னுதான் வச்சேன்."

அம்மா வாயைத் திறந்தாள். மதினி கரண்டியில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். பாதி அம்மாவின் கழுத்தில் ஒழுகியது. அம்மா துடைக்கவில்லை.

பார்க்கிறவர்களுக்கு அது போதும். சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாம் சரியாயிட்டு" என்றாள். எனக்குப் போதாது. ஒரு கரண்டித் தண்ணீரில் இது சரியாகிவிடுமா? தெருவே கேட்க ஒப்பாரி வைத்துச் சொன்னதை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரகசியமாக விழுங்கிவிட்டால் ஆயிற்றா? ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சண்டைக்கே போனேன். "நீ ஊருக்குச் சொன்னேல்லா? ஊருக்கே மாத்திச் சொல்லு" என்றேன். உடம்பு தேறாதவளிடம் இப்படிப் பேசலாமா என்று உன் மாப்பிள்ளை என்னைக் கடிந்துகொண்டார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். "அவ சொல்லுதது சரிதான். தபசு வரட்டும், சொல்லுதேன்" என்றாள்.

தபசுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. கம்பம் நட்டுக் குழாய் கட்டத் தொடங்கிவிட்டார்கள், உன் மைக்செட்டை வாங்கியவன்தான் இந்த வருஷமும் கட்டுகிறான். உன் அளவுக்கு அவனுக்குக் கட்டத் தெரியாது, எப்போது பார்த்தாலும் கொய்யென்று கத்துகிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்றைக்கு மதினியை நானே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். கூட்டம் நெரிகிற பொழுதில், சந்தடி இல்லாத பக்கமாக இல்லை, சன்னதி வழியாகவே, ஒரு கையில் அவளும் ஒரு கையில் அம்மாவுமாக உள்ளே போவேன். மதினி அந்த மண்ணைத் தன் கையால் வாங்குவாள், எல்லாரும் பார்க்க முதல் பொட்டை அம்மா நெற்றியில் அவள்தான் வைப்பாள். அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லுவாள். அவள் குரல் எழும்பாவிட்டால் நான் சொல்லுவேன். மைக் பிடித்துக் கொடுக்க நீ இல்லை, பரவாயில்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற வாத்தியாரம்மா தொண்டை எனக்கு இருக்கிறது.

ஒழுகியது தையல். இவள் இல்லை.

உன் கூடப்பிறந்தவள்,
ராமலட்சுமிக்கு இனி எந்நாளும் நாத்தனார்,
சங்கரவடிவு